இடது பக்கம் இழுக்குது

போடிநாயக்கனூரில் ஜீப் என்றால் கூலிக்குப் போகிறவர்களின் வண்டி. இன்றைக்கு நகரத்துக்காரர்கள் அதில் காட்டுச் சவாரி போகக் காசு கட்டுகிறார்கள். எங்கள் ஊரில் அதில் ஏறியவர்கள் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற பெண்கள். விடியும் முன்பே தெருமுனைகளில் வண்டிகள் உறுமிக்கொண்டு நிற்கும். கையில் தூக்குச்சட்டியும், மழைக்குப் போர்த்திக்கொள்ள யூரியாச் சாக்குமாக வந்து ஏறுவார்கள். முந்தலில் மலைப்பாதை தொடங்கும். 17 கொண்டை ஊசி வளைவுகள், நடுவில் புலியூத்து, உச்சியில் போடிமெட்டு. அங்கிட்டு கேரளம்: பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று தோட்டங்கள். சாயங்காலம் இறங்கி வரும்போது வண்டிக்குள் வியர்வையும் டீசலும் பச்சை ஏலக்காயும் கலந்து ஒரு வாசம் அடிக்கும். ஏலக்காய் டீ குடிக்கிற மற்றவர்களுக்கு என்னென்ன தோன்றுமோ, எனக்கு ஜீப்பின் பின்சீட்டுதான் ஞாபகம் வரும்.

நான் சொல்வது 1980களின் பிற்பகுதி. அப்பாவின் ஜீப் ஏதோ ஓர் அரசாங்க அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்து ஏலத்துக்கு வந்தது. மகேந்திரா பம்பாயில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் வம்சம். பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றுவது அப்போது எங்கள் பக்கம் நல்ல தொழில். டீசல் இன்ஜின் கனமாக இருக்கும் என்பதால் முன் ஸ்பிரிங் கட்டில் ஒரு பட்டை கூடுதலாகச் சொருகியிருந்தார்கள். பவர் ஸ்டியரிங் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். தார் ரோட்டில் பின்சக்கரம் மட்டும் தள்ளும். தோட்டத்துச் சேற்றில் இறங்கியதும் தரையில் முளைத்திருக்கும் குட்டி லீவரைத் தள்ளினால் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். அந்த லீவரைத் தொட எனக்கு அனுமதி இருந்தது, வண்டி நிற்கும்போது மட்டும்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிகிற சமயத்தில் வண்டி இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் போதும், மெல்ல ஓரத்துக்குப் போகும். அப்பா நாள் முழுக்க அதை வலப்பக்கம் பிடித்துக்கொண்டே ஓட்டினார். ராத்திரி அம்மா நல்லெண்ணெயைச் சூடாக்கித் தோளில் தேய்ப்பாள். தினமும் முன்சீட்டில் உட்காரும், ஆள் சேர்த்துக்கொண்டு வரும் பெரியம்மா, "ஏப்பா, ஒன் வண்டி பள்ளத்தப் பாத்தே போகுதேப்பா" என்று வளைவுக்கு வளைவு சொல்லிக்கொண்டே வந்தார். அப்பா ரோட்டு வாட்டத்தைக் குறை சொன்னார். பொய்யில்லை. மழைத்தண்ணீர் வடியட்டும் என்று ரோட்டை நடுவில் உயர்த்தி ஓரத்தில் சரித்துத்தான் போடுகிறார்கள். நாம் இடப்பக்கம் போகிறவர்கள், அதனால் எந்த வண்டிக்கும் இடப்பக்கம் கொஞ்சம் சாய்மானம் இருக்கும். ஆனால் தோள் வலிக்கிற அளவுக்கு இருக்காது.

ஒரு பட்டறையில் விட்டு எடுத்தார். அலைன்மென்ட் என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வந்தபோது ஸ்டியரிங் கம்பிகள் கண்ணாடி போட்டுப் பார்த்த மாதிரி நேராக நின்றன. தோள்வலி நிற்கவில்லை.

காலாண்டு லீவில் அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு, ஊருக்கு வெளியே வேப்பமரத்தடியில் கொட்டகை போட்டிருந்த ஒரு மேஸ்திரியிடம் போனார். அப்பாவைவிட ரொம்ப மூத்தவர். ராணுவத்தில் வண்டி வேலை பார்த்து வந்தவர் என்று ஊரில் பேச்சு; அவர் வாயால் அதை நான் கேட்டதில்லை. கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவர் எழுந்திருக்காமலே கேட்டார்.

"பிரேக் பிடிச்சா இழுக்குதா, பிடிக்காமயே இழுக்குதா?"

"பிடிக்காமயே இழுக்குதுண்ணே. பிடிச்சாலும் அதே மாதிரிதான்."

"பிடிச்சா கூடுதலா?"

அப்பா யோசித்தார். "கொஞ்சம் கூடத்தான் செய்யுது."

"அப்ப ரெண்டு வியாதி" என்றார் மேஸ்திரி. எழுந்து வந்தார்.

முதலில் காற்று. முன்சக்கரம் ஒன்றில் காற்று குறைந்தால் வண்டி அந்தப் பக்கம் சாயும். இதைக்கூடப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பிரிக்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது. காற்று இரண்டிலும் சமமாக இருந்தது. பிறகு இரண்டு முன்சக்கரங்களையும் கழற்றி இடம் மாற்றிப் பூட்டச் சொன்னார். டயருக்குள் நூல் கோணியிருந்தால் இழுப்பும் டயரோடு சேர்ந்து அந்தப் பக்கம் போய்விடும். ஆறு பதினாறு டயர், கட்டை கட்டையாகப் பூப்போட்டது. நட்டுகளைப் பொறுக்கி மண்ணெண்ணெய் டப்பாவில் போடுவது என் வேலை. இழுப்பு இடம் மாறவில்லை.

அப்புறம் தேனி ரோட்டுக்குக் கொண்டுபோனார். வெயில் நேரம், ரோடு காலி. வலப்பக்கம் ஏற்றி ஓட்டச் சொன்னார். அங்கே ரோட்டின் சரிவு வலப்பக்கம். ரோடுதான் காரணம் என்றால் வண்டி வலப்பக்கம் போக வேண்டும். அது பிடிவாதமாக இடப்பக்கமே வந்தது. கியரை நியூட்ரலில் போட்டு உருளவிட்டார். அப்போதும் அதே இழுப்பு. "இன்ஜினுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ரோட்டுக்கும் இல்ல" என்றார். எதெது இல்லை என்று தள்ளிக்கொண்டே போன அந்த ஒழுங்கு பத்து வயதில் எனக்குப் புரியவில்லை. எப்போது இன்ஜினைத் திறப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

கொட்டகைக்குத் திரும்பியதும் நான்கு டிரம்களையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். உள்ளங்கையால் தொட்டு வெந்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறாராம். இடது முன் டிரம்மில் சூடு அதிகம். பிரித்தார். லைனிங்கைப் பின்னுக்கு இழுக்க வேண்டிய ஸ்பிரிங் நைந்துபோயிருந்தது. காலை எடுத்த பிறகும் லைனிங் டிரம்மை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. ஸ்பிரிங் மாற்றி, பிரேக் அட்ஜஸ்ட் செய்து, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். சத்தமில்லாமல் சுற்றியது. அப்பா முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. காசை எடுக்கச் சட்டைப்பைக்குள் கைவிட்டார்.

"இரு. இது ஒரு வியாதிக்கு வைத்தியம்."

ஓட்டிப் பார்த்தார்கள். இழுப்பு பாதி குறைந்திருந்தது. மீதி பாதி அப்படியே இருந்தது.

அடுத்த நாள் முன்பக்கம் முழுக்க ஆராய்ச்சி. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். கிங் பின் தேய்ந்திருந்தால் அங்கே ஆட்டம் தெரியும். பக்கவாட்டில் ஆட்டி டை ராடு எண்டைப் பார்த்தார். இரண்டு மட்கார்டுகளின் உயரத்தையும் குச்சியால் அளந்தார். ஒரு பக்கக் கட்டு படிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். பிறகு சக்கரத்தைச் சுற்றவிட்டு, டயரின் நடுவில் ஆணியைப் பிடித்து வட்டமாக ஒரு கோடு கீறினார். இரண்டு சக்கரத்திலும் கீறி, வண்டியை இறக்கி, கோட்டுக்குக் கோடு முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு. முன்னால் ரெண்டு மில்லி குறைவாக இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். ஜீப்பின் முன்சக்கரங்கள் ஒன்றையொன்று லேசாகப் பார்த்தபடி நிற்கும். அது தப்பினால் டயர் சீவி எடுத்த மாதிரி தேயும், வண்டி அலையும். ஆனால் ஒரே பக்கம் இழுக்காது, கோணலை இரண்டு சக்கரமும் பாதிப் பாதி பங்கு போட்டுக்கொள்ளும் என்று அப்பாவுக்கு விளக்கினார். அப்பாவுக்கு அது புரிந்ததா தெரியாது. அலைன்மென்டுக்குக் கொடுத்த காசு அவருக்கு ஞாபகம் வந்திருக்கும்.

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஸ்டியரிங் பாக்ஸைக் கழற்றியிருப்பார்கள். இவர் பின்னால் நகர்ந்து போய் வண்டியை ஒரு பார்வை பார்த்தார். "டே சின்னவனே, தொட்டியில தண்ணி மொண்டா."

கொட்டகைக்கு முன்னால் சிமென்ட் களம் ஒன்று இருந்தது. அதன் தலைப்பில் நான்கைந்து வாளி தண்ணீர் ஊற்றினேன். அப்பாவை அந்த ஈரத்தின் வழியே நேராக, நடக்கிற வேகத்தில் ஓட்டச் சொன்னார். நேராகப் போகிற ஜீப்பில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே வந்து ஏறும், ஒரு பக்கத்துக்கு ஒரு தடம்தான் தெரியும். எங்கள் வண்டி நான்கு தடம் போட்டிருந்தது. பின்சக்கரத் தடங்கள் இரண்டும் முன்தடத்தை விட்டு வலப்பக்கம் ஒதுங்கி, ஒரு விரல்கடை தூரத்தில் கூடவே போயின. காய்ந்து மறைவதற்குள் பார்க்க அப்பாவைக் கூப்பிட்டார்.

"ஒன் வண்டி நண்டு நடை நடக்குதப்பா. கோளாறு பின்னால இருக்கு."

சணல் கயிற்றை எடுத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை பிடித்து முடிச்சுப் போட்டார். குட்டை ஜீப்புக்கு அந்தத் தூரம் 80 அங்குலம். எங்களுடையது நீட்டு வண்டி, ஆனால் அளவு முக்கியமில்லை, இரண்டு பக்கமும் சமமா என்பதுதான் கேள்வி. இடப்பக்கம் போட்ட முடிச்சை வலப்பக்கம் கொண்டுபோனபோது மையத்துக்கு எட்டவில்லை. கட்டைவிரல் அகலம் குறைந்தது. வலது பின்சக்கரம் அவ்வளவு தூரம் பின்னால் போயிருந்தது. அச்சு கோணிவிட்டதால் பின்சக்கரங்கள் வண்டியின் பின்பாதியை வலப்பக்கம் தள்ள, மூக்கு இடப்பக்கம் திரும்பியது. அப்பா முன்னால் உட்கார்ந்து சண்டை போட்டதெல்லாம் பின்சக்கரத்தோடு.

மேஸ்திரி கோணிச்சாக்கை விரித்து அடியில் படுத்தார். நானும் பக்கத்தில் படுத்தேன், யாரும் தடுக்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். பட்டைகளை நடுவில் ஒரே ஒரு சென்டர் போல்ட் கோத்திருக்கும். அதன் தலை, அச்சு ஹவுசிங்கில் இருக்கிற குழிக்குள் உட்கார்ந்து, அச்சை நகரவிடாமல் வைத்திருக்கும். அதன் மேல் இரண்டு யூ போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கும். யூ போல்ட் தளர்ந்தால் பாரம் முழுக்க அந்தச் சின்ன போல்ட்டின் தலையில் விழும். எங்கள் வண்டியில் தலை அறுந்துபோயிருந்தது. எல்லா இடமும் சேறு அப்பிக் கிடக்க, யூ போல்ட் நகர்ந்த இடத்தில் மட்டும் இரும்பு பளபளவென்று தேய்ந்து, ஓரத்தில் செம்பொடி உதிர்ந்திருந்தது. அத்தனை சோதனைக்கும் சாட்சி அந்தப் பளபளப்புத்தான்.

"பாறையில ஏத்துனியா?" என்று கேட்டார். தோட்டப் பாதையில் பாறை இல்லாமல் எது இருக்கிறது? ஏறக்கூடியதைப்போல இரண்டு மடங்கு ஆட்கள், பின்பலகையில் தொங்குகிறவர்கள் வேறு. அப்பா பதில் சொல்லவில்லை.

சரிசெய்கிற வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. சேஸிஸுக்கு அடியில் கட்டை கொடுத்துத் தாங்கவைத்து, யூ போல்ட்டுகளை அவிழ்த்து, பட்டைகளைக் கவ்வியால் கவ்விப் பிடித்துக்கொண்டு, புதுச் சென்டர் போல்ட் கோத்து, அச்சைக் கடப்பாறையால் நெம்பிக் குழியில் உட்காரவைத்தார்கள். பழைய யூ போல்ட் மரை போய்விட்டது என்று அதையும் மாற்றினார். நான்கு நட்டையும் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். திரும்பக் கயிறு பிடித்தபோது முடிச்சு இரண்டு பக்கமும் மையத்தில் வந்து நின்றது.

ஓட்டிப் பார்த்தால் வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது, ஸ்டியரிங் கம்பிகளோ இடப்பக்கம் சாய்ந்து நிற்கின்றன! மேஸ்திரி அன்றைக்கு அப்போதுதான் சிரித்தார். முன்பு அலைன்மென்ட் பார்த்தவர்கள் கோளாறைத் தொடவில்லை. ஸ்டியரிங் வளையத்தைப் பிடுங்கி, சாய்ந்திருந்த கம்பி நேராகத் தெரிகிற மாதிரி பல் தள்ளிச் சொருகியிருக்கிறார்கள். அவர் ஹாரன் மூடியைக் கழற்றி, நடு நட்டை அவிழ்த்து, வளையத்தைத் திரும்பவும் சரியான பல்லில் உட்காரவைத்தார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. பாரத்தோடு ஒருதரம் மலையேறி இறங்கியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்க வரவேண்டும், வராவிட்டால் இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் விடிகாலையில் நானும் வண்டியில் இருந்தேன். முந்தலுக்கு முன்னால் நேரான ரோட்டில், பின்னால் அத்தனை பெண்களும் உட்கார்ந்திருக்க, அப்பா இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் காட்டினார். வண்டி அசையாமல் போனது. "பாத்தீங்களா பெரியம்மா, கையே வைக்கல!"

பெரியம்மா கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அம்புட்டுக் காசக் குடுத்துச் சரிபண்ணிட்டு அதப் பிடிக்காம வாரியாக்கும்? கைய வையிய்யா மொதல்ல!"