உண்மையும் இப்போதும்

ஆங்கிலம் கற்ற நம் ஊர்ப்புற இளைஞர் பலர் வாய் திறந்ததும் முதலில் வந்து விழும் சொல் ‘ஆக்சுவலி’. ‘உண்மையில்’ என்பது அதன் பொருள். பிறர் எண்ணுவதை மறுத்துரைக்கும் குறிப்பும் அதில் உண்டு. புதுவை மண்ணில் அச்சொல்லுக்கு உடன்பிறப்பு ஒன்றும் வழங்குகிறது. பிரெஞ்சு மொழியின் ‘ஆக்துயெல்மான்’ என்பதே அது. அதன் பொருளோ ‘இப்போது’. செயலைக் குறிக்கும் ‘ஆக்துஸ்’ எனும் இலத்தீன் சொல்லே இரண்டுக்கும் வேர். செயலில் விளங்குவது மெய் என்று ஆங்கிலம் கொண்டது. செயலில் விளங்குவது இன்றையது என்று பிரெஞ்சு கொண்டது.

இவ்வேறுபாடு அகராதியோடு நின்றுவிடுவதில்லை. 1962 ஆகஸ்டு 16 அன்று புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டியோர் ஆறு மாதத்துக்குள் எழுதித் தர வழி இருந்தது. அவ்வாறு எழுதித் தந்தோருள் பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய ‘சொல்தா’க்களும் உண்டு. வில்லியனூரில் வாழ்ந்த சொல்தா ஒருவரின் கைம்பெண்ணுக்கு ஓய்வூதியம் தொடர்பாகப் பிரெஞ்சுத் தாள் ஒன்று வந்தது. பேரன் தன் ஆங்கில அறிவைத் துணைக்கொண்டு அதைப் படித்தான்.

“ஆயா, நீங்க உண்மையில எங்க குடியிருக்கீங்கன்னு கேட்கிறாங்க.”

அம்மூதாட்டியின் முகம் வாடியது. “இத்தனை வருஷமா நான் என்ன பொய் விலாசமா குடுத்தேன்?” என்றார். இப்போது எங்கே வசிக்கிறீர்கள் என்பதே வினா என்று நான் எடுத்துரைத்த பின்னரே கையொப்பமிட்டார். ஒரு சொல் தடம் மாறியதால் எளிய வினா ஒன்று ஐயமாகி, நேர்மையான நெஞ்சைப் புண்படுத்திவிட்டது.

நம் தமிழ் இவ்விரு பொருளையும் பிரிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ‘உள்’ எனும் அடியிலிருந்து பிறந்தது ‘உண்மை’. அதன் எதிர்ச்சொல் ‘இன்மை’. ஆகவே உண்மை என்பதன் முதற்பொருள் உள்ளதாய் இருத்தலே. பேச்சால் நிறுவப்படுவதற்கு முன்பே அது இருப்பால் நிறுவப்படுகிறது.

சொற்றொடர்தோறும் ‘ஆக்சுவலி’ என்று முத்திரை குத்துவதால் பேச்சுக்கு உறுதி கூடிவிடாது; முத்திரை இல்லாத சொற்கள்மீது ஐயமே எழும். நம் கொம்யூன்களில் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியோர் உளர். ‘உங்கள்மீது உண்மையில் அன்பு கொண்டுள்ளோம்’ எனும் உறுதிமொழியை அவர்கள் பலமுறை கேட்டிருப்பார்கள். அவர்கள் காத்திருப்பது மற்றொரு சொல்லுக்காக: ‘இப்போது வந்திருக்கிறேன்.’