நகரும் தரையின் வரைபடம்

தஞ்சைத் தரணியில் பிறந்த நமக்குக் குன்று என்பது ஏட்டில் படித்த பொருள். கண்ணுக்கெட்டிய மட்டும் வயல், அதற்கப்பால் தென்னை, அவ்வளவே. நில அளவைக்காரருக்கோ இச்சமவெளி பெருந்தொல்லை. வில்லியம் லாம்ப்டன் இங்கு வந்தபோது கோயில் கோபுரங்களையே குன்றுகளாகக் கொண்டார். 1808-இல் அரை டன்னுக்கு மேற்பட்ட தியோடலைட் கருவியைப் பெரிய கோயிலின் உச்சிக்கு ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி உருக்குலைந்தது. மனிதர் தளரவில்லை, ஆறு வாரங்களில் தம் கையாலேயே செப்பனிட்டுக்கொண்டார்!

அவருக்கு ஒரு நற்பேறு இருந்தது, கோபுரம் நகராது. தென்துருவக் கடலில் மிதக்கும் பனித்தட்டை அளப்போர்க்கு அதுவும் வாய்க்கவில்லை. 1841-இல் ஜேம்ஸ் ராஸ் குறித்துவைத்த பனிச்சுவரின் விளிம்பு, 1902-இல் ஸ்காட் சென்றபோது பல மைல் தெற்கே விலகியிருந்தது. இருவர் கணக்கிலும் பிழையில்லை; தரைதான் மாறியிருந்தது.

நம் நாட்டவர் டாக்டர் எஸ். இஸட். காசிம் தலைமையில் 1982 ஜனவரி 9 அன்று அங்கே இறங்கினர். அவர் பெயரை நம் பிள்ளைகளின் பாடநூல்களில் நாம் கண்டதில்லை. பின்னர் பனித்தட்டின்மீது எழுப்பிய தட்சிண கங்கோத்ரி நிலையம் பனியிலேயே புதைந்து, 1990-இல் கைவிடப்பட்டது. மைத்ரியைப் பாறைமேல் கட்டினார்கள்.

இன்று விண்கலத்திலிருந்து லேசர் கதிரால் பனியின் உயரத்தை அளந்து, மிதப்பின் கணக்கால் அதன் தடிப்பை அறிகிறார்கள். மிதக்கும் பனி உருகுவதால் கடல் ஏறுவது மிகச் சொற்பமே. ஆயினும் அது தடுத்து வைத்திருக்கும் தரைப்பனி கடலில் இறங்கிவிடும். 2002-இல் லார்சன்-பி சில வாரங்களில் நொறுங்கியபின், பின்னாலிருந்த பனியாறுகள் விரைந்தோடின. வேதாரண்யம் பக்கம் உப்பேறிய வயலில் நாற்று நட்டவர்களுக்குக் கடல் ஓரங்குலம் உயர்வதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.