பந்திங் பக்கம் – 4: எறும்பு காக்கும் மரம்

சென்ற இதழில் மோரிப் கடற்கரையில் இருந்தோம். அங்கிருந்து பந்திங் பக்கம் திரும்பினால், சமவெளியில் தனித்து நிற்கிறது புக்கிட் ஜுக்ரா. 1898இல் மறைந்த சிலாங்கூர் சுல்தான் அப்துல் சமாட் அடங்கியிருப்பது இங்குதான். உச்சியில் கலங்கரை விளக்கம். அதுவரை சாலை உண்டு.

ஜூலை வெயில் ஏறுவதற்குள் நடக்கத் தொடங்கினோம். சில்வண்டுகள் முந்திக்கொண்டன. பாடுவது ஆண் வண்டுதான். வயிற்றின் இரு பக்கமும் உள்ள விறைத்த சவ்வை நொடிக்குப் பலமுறை அதிரவைத்து அத்தனை ஓசை எழுப்புகிறது.

சாலையோரம் எங்கும் மஹாங் மரங்கள். காடு வெட்டுப்பட்டு வெளிச்சம் விழும் இடத்தில் முதலில் முளைப்பவை இவை. ஓர் இளங்கிளையை உற்றுப் பார்த்தேன். பொந்தான தண்டில் சின்னத் துளை. அதன் வழியே சிற்றெறும்புகள் போய்வந்தன. குடியிருக்கத் தண்டையும் தின்ன வெண்ணிற மணிகளையும் மரமே தருகிறது. பதிலுக்கு எறும்புகள் இலை தின்னும் புழுக்களை விரட்டுகின்றன. சுற்றிப் படரும் கொடிகளின் நுனியைக் கடித்தெறிகின்றன.

"கிளைய ஆட்டிப் பாருங்க தம்பி, எல்லாம் வெளிய வந்துரும்" என்றார் கூட வந்த பெரியவர். தோட்டத்தில் வளர்ந்தவர். ஆட்ட எனக்கு மனம் வரவில்லை.

மேலேயிருந்து பார்த்தால் லங்காட் ஆறு, அப்பால் மலாக்கா நீரிணை, இடையெல்லாம் செம்பனை. அந்தச் செம்பனையும் பூச்சியை நம்பித்தான் காய்க்கிறது. ஒரே மரத்தில் ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறு காலத்தில் மலர்வதால், மகரந்தம் மரம்விட்டு மரம் போயாக வேண்டும். "அப்பல்லாம் நாங்கதான் பூப்பூவாத் தூள் அடிப்போம்" என்றார் பெரியவர். 1981இல் கெமரூனிலிருந்து கொண்டுவந்த சின்னஞ்சிறு கூன்வண்டு அந்த வேலையை ஏற்றது. ஆண்பூவில் முட்டையிட்டு வாழும் அது, வாசனைக்கு இழுபட்டுப் பெண்பூவுக்கும் மகரந்தத்தோடு போகிறது.

தோட்டத்துக்கு ஒரு வண்டைத் தேடிக் கொண்டுவர மனிதனால் முடிந்தது. காட்டிலோ இப்படி எத்தனையோ உறவுகள், யாரும் கொண்டுவராமல் காலங்காலமாகப் பின்னிக் கிடக்கின்றன. அறுத்துவிட்டால் திரும்பக் கட்டித்தர நம்மிடம் ஆளில்லை. குலையின் நிறம் பார்த்தே பழுத்ததா என்று சொல்லும் மக்கள் நாம். அந்தக் கண் காட்டுக்கும் வேண்டும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஜுக்ராவுக்கு அழைத்து வாருங்கள். முதலில் ஒரு மஹாங் மரத்தைக் காட்டுங்கள்.

அடுத்த இதழில் கேரித் தீவு: மா மெரி மக்களின் மரச்சிற்பங்கள்.