மலையில் இல்லாத நிக்கல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் எவர்சில்வர் பாத்திரம் வாங்க வருகிறவர்களில் சிலர் பையில் ஒரு காந்தத்தையும் போட்டுக்கொண்டு வருவார்கள். ஒட்டினால் மட்டமான சரக்கு என்பது கணக்கு. “ஒட்டலன்னா நிக்கல் இருக்குன்னு அர்த்தம் அண்ணாச்சி” என்று கடைக்காரர் எனக்கும் பாடம் எடுத்தார். பாதிதான் உண்மை. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டினாலும் காந்தம் ஒட்டாது. 1950இல் வெளியான ஒரு ரூபாய் நாணயமோ அசல் நிக்கல். அது காந்தத்தில் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும்!

இந்த உலோகம் எங்கே பிறக்கிறது, மேற்கே நிற்கும் நம் மலையில் இருக்காதா என்ற கேள்வி அந்தக் கடையில்தான் என்னைத் தொற்றியது. நிலவியல் படித்த நண்பர் ஒருவரை ராஜபாளையம் அய்யனார் கோவில் ஆற்றுப் பக்கம் இழுத்துப் போனேன். ஒரு கல்லை உடைத்துக் காட்டினார். உள்ளே எண்ணெய் தேய்த்தது போல் கரும்பச்சைப் பளபளப்பு. “இது சார்னோகைட்டு. பச்சையா இருக்கேன்னு ஆசப்படாதீங்க. நீங்க தேடுற பச்சைக்கல் வேற.”

ஆனாலும் ஊர்ப் பெருமையை விட மனமில்லை. ராஜபாளையத்துப் பாறைக்கு நிலவியலாளர்களிடம் நல்ல பெயர் உண்டு, நம்ம ஊர் நாய்க்கு அடுத்தபடியாக என்று வைத்துக்கொள்ளலாம். சாஃபிரின் என்ற நீலக் கனிமமும் குவார்ட்சும் ஒட்டி உறவாடும் பாறை இங்கே இருப்பதை ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்கள் 2004இல் எழுதினார்கள். இந்த இரண்டும் சேர்ந்திருக்க வேண்டுமானால் பாறை 1000 டிகிரி செல்சியசையும் தாண்டி வெந்திருக்க வேண்டும். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதிக் கோண்டுவானா உருவான காலத்தில், பூமிக்குள் வெகு ஆழத்தில் அது நடந்தது. வெந்ததெல்லாம் பெரும்பாலும் பழைய கடற்சேறு. சேற்றை எத்தனை டிகிரியில் வேகவைத்தாலும் அதில் இல்லாத நிக்கல் வரப்போவதில்லை. அந்தப் பழைய கடல் இந்த வட்டாரத்துக்கு விட்டுப்போனது சுண்ணாம்புக்கல்தான். ஆலங்குளம் அரசு சிமென்ட் ஆலை எழுந்தது அதை நம்பித்தான்.

நிக்கலுக்குக் கீழேயிருந்து வரும் சூடு வேண்டும். 250 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடலடியில், கிட்டத்தட்ட 1600 டிகிரியில் பாய்ந்த எரிமலைக் குழம்பு இறுகியதுதான் கோமாட்டியைட். பச்சைக்கல் பட்டைகளில் அது கிடைக்கும். அதில் நிக்கல் இருக்கிறது, ஆனால் பாறை முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. அதைக் கூட்டிச் சேர்க்கும் ஆள் கந்தகம். பாய்ந்த குழம்பு கடலடியின் கந்தகப் படிவுகளை உருக்கி இழுத்துக்கொண்டால், கந்தகம் தனித் திரவமாகப் பிரியும். நிக்கலைச் சுருட்டிக்கொண்டு பள்ளத்தில் தங்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கம்பால்டாவில் 1966 சனவரியில் துளையிட்டபோது 2.7 மீட்டர் தடிமனுக்கு 8.3 சதவீத நிக்கல் கிடைத்தது இப்படி ஒரு பள்ளத்தில்தான். யுரேனியம் என்று நினைத்துப் பொறுக்கிய கற்கள் அதற்கு வழிகாட்டின என்பது எனக்குப் பிடித்த பகுதி.

நமக்குப் பெயர்போன பச்சைக்கல் பட்டை கோலார். கோமாட்டியைட் அங்கேயும் உண்டு. ஆனால் 2001இல் மூடும்வரை ஒரு நூற்றாண்டுக்கு மேல் தோண்டியது தங்கத்துக்காக; கம்பால்டா மாதிரி நிக்கல் அங்கே வாய்க்கவில்லை. தமிழ்நாட்டுக்குள் தேடினால் சேலத்து மாக்னசைட் குன்றுகள். அங்குள்ள டியூனைட் வகைப் பாறையில் பொதுவாக டன்னுக்கு இரண்டு மூன்று கிலோ நிக்கல் இருக்கும். கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் அது ஆலிவின் படிகங்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது, திறக்கக் கந்தகம் வரவில்லை. அதை உருக்கிப் பிரிக்கிற செலவுக்கு நிக்கலை விலைக்கு வாங்கிவிடலாம்.

கந்தகம் செய்யாததை மழை செய்த இடம் ஒடிசாவின் சுகிந்தா. அங்கே இதே இனப் பாறை, வெயிலிலும் மழையிலும் மக்கிச் செம்மண்ணானது. மற்றவை கரைந்தோட, நிக்கல் தங்கிவிட்டது. இந்தியாவின் நிக்கல் வளத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஒடிசாவில்தான். ஆனால் சுகிந்தாவில் சுரங்கம் நடப்பது குரோமைட்டுக்காக. அதை எடுக்க வழிவிட்டு ஒதுக்கும் மேல்மண்ணில்தான் நிக்கல் இருக்கிறது, நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக. லாபமாகப் பிரிக்கும் வழி இன்னும் கைகூடவில்லை. மண் மேடாகக் குவிகிறது. 2023இல் மத்திய அரசு அறிவித்த 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் நிக்கலும் இருக்கிறது. பட்டியல் போட்ட கையோடு அந்த மேடுகளுக்கும் ஒரு வழி பார்த்தால் தேவலை.