எல்லையூரிலிருந்து குடிபெயரும் குடும்பத்தாருக்கு



பெங்களூருக்கு 40 கிலோமீட்டர் தொலைவில், கர்நாடக எல்லையை ஒட்டி நிற்கும் ஓசூரை நீங்கள் பேருந்தின் சன்னல் வழியாகவேனும் பார்த்திருப்பீர்கள். குன்றின்மீது சந்திரசூடேசுவரர் கோயில், சாலையின் இருமருங்கிலும் தொழிற்சாலை மதில்கள், பணிமுறை மாறும் நேரத்தில் வரிசையாகப் புறப்படும் நிறுவனப் பேருந்துகள். கடைத்தெருவில் ஐந்து நிமிடம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்னும் நான்கு மொழிகளும் காதில் விழும்.

இவ்வூர் குடிபெயர்ந்தோர் பலரின் ஊராகும். 1970களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை உருவானது. அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் போன்ற ஆலைகள் வந்தன. வேலை தேடிப் பல மாவட்டத்தாரும் இங்கே குடியேறினர். அவர்களுடைய பிள்ளைகள் இன்று பொறியாளர்கள். அவர்களில் சிலர் கனடாவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி பெற்று, மனைவி மக்களுடன் புறப்படுகிறார்கள். ‘பி.ஆர். கிடைத்துவிட்டது’ என்று இனிப்பு வழங்கும் இல்லங்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். டொராண்டோ விமான நிலையத்தில் அதிகாரி கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இருக்கும்போதே சரிசெய்துகொள்ள வேண்டும்.

முதலில் பெயரும் ஊரும். ஓசூர் 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் தருமபுரி மாவட்டத்தில் சேர்ந்தது. 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. ஆகவே ஒரே வீட்டில் பாட்டனார் சேலம் மாவட்டத்திலும், தந்தை தருமபுரி மாவட்டத்திலும், மகள் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் பிறந்திருப்பர். மூவரும் பிறந்தது ஒரே தெருவாக இருக்கலாம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். தாய்வீடு கோலாரில் என்றால் குழந்தையின் பிறப்புப் பதிவு கர்நாடகத்தில்தான் இருக்கும். சான்றிதழ் கன்னடத்தில் மட்டும் இருந்தால், ஆங்கிலத்தில் முறையாக மொழிபெயர்த்துக் கையில் வைத்திருங்கள்.

நம் பெயர்களோ இன்னும் சிக்கலானவை. ‘முஹம்மது’ என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! போதாக்குறைக்கு, நம்மிடையே குடும்பப் பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரையே கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக எழுதுவதால், கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, குழந்தைக்கு வேறொன்று என்று அமைந்துவிடுகிறது. மூவரும் ஒரே குடும்பம் என்பதை அயல்நாட்டாருக்கு உணர்த்துபவை பிறப்புச் சான்றும் திருமணச் சான்றுமே. பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று, கடவுச்சீட்டு ஆகியவற்றை அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது நிகாஹ். ஜமாஅத்தின் தஃப்தரில் கையொப்பம் இட்டதோடு கடமை முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பதிவைக் கட்டாயமாக்கியுள்ளது. தஃப்தரின் நகலோடு அரசுப் பதிவுச் சான்றும் கையில் இருக்கட்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது உண்மை. அனுமதி கிடைத்தபின், புறப்படும் முன்னர், வீட்டில் ஒரு குழந்தை பிறக்கலாம். ஒருவருக்குத் திருமணம் நடக்கலாம். ‘இதைச் சொன்னால் பயணம் தள்ளிப்போகும், போய்ச் சேர்ந்தபின் அழைத்துக்கொள்ளலாம்’ என்று அறிவுரை கூறுவோர் உண்டு. கேட்காதீர்கள். விண்ணப்பத்தில் காட்டாமலும் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தாமலும் மறைத்த துணையையோ குழந்தையையோ பின்னர் அழைத்துக்கொள்ளக் கனடாச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. சில மாதத் தாமதத்துக்கு அஞ்சிப் பச்சிளங் குழந்தையைப் பல்லாண்டு பிரிந்திருக்க நேரலாம். முதன்மை விண்ணப்பதாரருக்கு முன்னதாகக் குடும்பத்தார் நுழைய இயலாது என்பதையும், அனுமதிப் பத்திரத்தில் உள்ள கடைசித் தேதிக்குள் நுழைந்தாக வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

இனிப் பெட்டி கட்டுவது பற்றி. உடன் கொண்டுசெல்லும் பொருள்களுக்கு ஒரு பட்டியல், பின்னர் வரவிருக்கும் பொருள்களுக்கு ஒரு பட்டியல் என இரண்டு தயாரியுங்கள். முதல் நுழைவின்போதே இரண்டையும் காட்டினால்தான் பின்னால் வருவனவற்றுக்கு வரிவிலக்குக் கோர முடியும். நகைகளுக்குப் புகைப்படமும் மதிப்புச் சான்றும் வேண்டும். 10,000 கனடா டாலரோ அதற்கு மேலோ கையில் இருந்தால் அறிவிக்க வேண்டும். அறிவிப்பது குற்றமன்று, மறைப்பதே குற்றம். கிருஷ்ணகிரி மாங்காய் ஊறுகாயைப் பாட்டி ஆசையோடு கட்டித் தருவார். அதையும் உணவுப்பொருள் என்று அறிவியுங்கள். மருந்துகளை அவற்றின் உறையிலேயே, மருத்துவர் சீட்டுடன் எடுத்துச் செல்லுங்கள். குழந்தைகளின் தடுப்பூசி அட்டை அங்கே பள்ளியில் சேர்க்கும்போது தேவைப்படும்.

பத்திரங்கள் சரியாகிவிட்டன, மனிதர்கள்? மக்காவிலிருந்து ஹிஜ்ரத் புறப்பட்ட வேளையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தம்மிடம் மக்காவாசிகள் ஒப்படைத்திருந்த அமானத்துகளை உரியவர்களிடம் சேர்க்கும் பொறுப்பை அலீ (ரலி) அவர்களிடம் விட்டுச் சென்ற வரலாற்றை நாம் அறிவோம். ஊரைவிட்டுப் புறப்படும் எவருக்கும் இதைவிடச் சிறந்த வழிகாட்டல் வேண்டுமா? கைமாற்றாக வாங்கிய கடன், மனைவிக்குக் கொடுக்காமல் நிற்கும் மஹர், சகோதரிக்குச் சேரவேண்டிய சொத்துப் பங்கு ஆகியவற்றை விமானம் ஏறுமுன் தீர்த்துவிடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரத்தை யாருக்கேனும் தருவதாயின், வாய்ச்சொல்லாக விடாமல் எழுதிப் பதிவு செய்யுங்கள். வங்கிக் கணக்கை வெளிநாட்டில் வாழ்வோருக்குரிய கணக்காக மாற்றுங்கள். குடும்ப அட்டையில் பெயர் நீக்குங்கள்.

பெற்றோரைப் பற்றி ஒரு சொல். ஐந்தாண்டுகளில் 730 நாள்கள் கனடாவில் இருந்தால்தான் அனுமதி நிலைக்கும். எந்த ஆண்டில் எத்தனை நாள் ஊருக்கு வருவீர்கள் என்பதைத் தாய் தந்தையருடன் அமர்ந்து இப்போதே கணக்கிடுங்கள். ‘அடிக்கடி வருவோம்’ என்ற வாக்கு அவர்களுக்கு ஆறுதல் ஆகாது. இன்ன மாதம் வருவோம், மருத்துவமனைக்கு இன்னார் அழைத்துச் செல்வார், செலவுக்கு இவ்வளவு அனுப்புவோம் என்று சொல்லுங்கள். அந்தத் தெளிவே முதியவர்களின் உறக்கம்.

பயண நாளில் அத்திப்பள்ளி வழியாகக் கர்நாடகத்துள் நுழைவீர்கள். 2008இல் திறக்கப்பட்ட தேவனஹள்ளி விமான நிலையம் பெங்களூருக்கு வடக்கே இருப்பதால் அந்நகரின் நெரிசல் முழுவதையும் கடந்தாக வேண்டும். சில மணி நேரம் முன்னதாகவே புறப்படுங்கள். கடவுச்சீட்டு, அனுமதிப் பத்திரம், சான்றுகள், பொருள்பட்டியல் யாவும் கைப்பையில் இருக்கட்டும்.

உங்கள் பெற்றோர் ஒரு நாள் அறிமுகமில்லாத இந்த எல்லையூரில் ஒரு பெட்டியோடு இறங்கியவர்கள். யாரோ ஒருவர் வாடகைக்கு வீடு காட்டினார்; யாரோ பள்ளிவாசலுக்கு வழி சொன்னார். நீங்கள் போகும் ஊரிலும் உங்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம் வந்து இறங்கும். அன்று அவர்களுக்கு வழிகாட்டும் ‘யாரோ ஒருவர்’ நீங்களாக இருங்கள். அல்லாஹ் உங்கள் பயணத்தை எளிதாக்குவானாக, ஆமீன்.