வெண்பா எந்த ஊர்ப் பெண்?



தமிழைப் பற்றிய பாடங்கள் எல்லாம் வகுப்பறையிலேதான் கிடைக்கும் என்றில்லை. சென்ற மாரி காலத்திலே, ஒரு சனிக்கிழமை பிற்பகல், ஸ்காபறோவிலுள்ள எங்கள் வீட்டு நிலவறையிலே பெற்றோராகிய எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. அதைக் கற்பித்தவர்கள் இரண்டு சிறுவர்களும் ஒரு முதியவருமாவர். அதனை இம்மலரின் வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

தமிழ்ப் பள்ளி முடிந்து வந்த எங்கள் மகளும், அயல்வீட்டுச் சிறுவனும் கணினி விளையாட்டு ஒன்றில் மூழ்கியிருந்தார்கள். எங்கள் பூர்வீகம் யாழ்ப்பாணம். அச்சிறுவனின் பெற்றோர் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்கள். அவர்கள் ஆடிய விளையாட்டின் பெயர் 'வெண்பா'. இந்த ரொறொன்ரோ நகரத்திலேயே 'விசை' என்னும் பெயர் கொண்ட நிறுவனம் ஆக்கி, 2023ஆம் ஆண்டு யூலை மாதம் 31ஆம் நாள் வெளியிட்ட விளையாட்டு அது. அடுத்த ஆண்டிலே பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு, அறிமுகப் படைப்புக்கான விருதை அதற்கு அளித்தது. துப்பாக்கியோ ஓட்டப் பந்தயமோ அதிலே இல்லை. 1980களிலே கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்னும் தாய், பாவலன் என்னும் கணவன், கவின் என்னும் மகன் ஆகியோரின் கதை அது. வெண்பாவின் தாய் கொடுத்த சமையற் குறிப்பேடு சிதைந்துபோயிருக்கின்றது. அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்டலியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதே விளையாடுபவரின் வேலை.

பாத்திரங்களின் உரையாடல் குரலாக அன்றி எழுத்தாகவே திரையில் வருகின்றது. பிள்ளைகள் அதை ஆங்கிலத்தில் வாசித்து, உடனே தமிழில் நடித்துப் பேசினார்கள். வெண்பா உணவு பரிமாறும் இடத்திலே எங்கள் மகள், "வாங்கோ, இருந்து சாப்பிடுங்கோ" என்றாள். சிறுவன் துள்ளி எழுந்தான். "பார்த்தியா! எங்க அம்மாயியும் வாங்கோன்னுதான் சொல்லுவாங்க. வெண்பா எங்க ஊரு!" என்றான். "இல்லை, எங்கட ஊர்! அம்மம்மாவும் புட்டு அவிக்கிறவா" என்று மகள் மறுத்தாள். வழக்கு எங்களிடம் வந்தது. வெண்பா எந்த ஊர்ப் பெண் என்று தீர்ப்புச் சொல்லவேண்டும்!

குரலே இல்லாத ஒரு பாத்திரத்தின் பேச்சு வழக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் சாட்சியங்களைத் தேடினோம். பெயர்கள் உதவவில்லை. வெண்பா, பாவலன், கவின் என்பன தூய தமிழ்ப் பெயர்கள். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் பிள்ளைகளுக்கு இத்தகைய பெயர்கள் சூட்டப்படுகின்றன. 'வாங்கோ' என்ற சொல்லும் உதவவில்லை. அது யாழ்ப்பாணத்திலும் உண்டு, கொங்கு நாட்டிலும் உண்டு, தமிழ்நாட்டு அந்தணர் இல்லங்களிலும் உண்டு. ஆகவே ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒருவரின் ஊரைத் தீர்மானித்தல் தவறு என்பதையே பிள்ளைகளுக்கு முதலிற் சொன்னோம்.

பின்னர் சமையலறைக்குள் புகுந்தோம். துருவிய தேங்காயை நாங்கள் தேங்காய்ப்பூ என்போம். சிறுவனின் வீட்டிலே அது தேங்காய்த் துருவல். எங்களுக்குக் கத்தரிக்காயும் கறி, மீனும் கறி. தமிழ்நாட்டிலே பல வீடுகளில் கறி என்றால் இறைச்சி மட்டுமே. விளையாட்டிலே வெண்பா உருளை வடிவான குழலிலே மாவையும் தேங்காயையும் அடுக்கடுக்காக இட்டுப் புட்டு அவிக்கின்றாள். அம்மம்மாவோ பனையோலையால் இழைத்த நீத்துப்பெட்டியின் மணத்தையே இன்றும் நினைவுகூர்வார்.

அடுத்துப் பேச்சுக்குத் திரும்பினோம். சிறுவன் ஒருமுறை, "எங்க அம்மா உங்க அம்மாகிட்டப் பேசினாங்க" என்று சொல்ல, எங்கள் மகள் முகம் வாடி, "ஏன் பேசினவா? அம்மா என்ன பிழை செய்தவா?" என்று கேட்ட நிகழ்ச்சி எங்கள் வீட்டிலே இன்றும் சிரிப்புக்குரியது. எங்கள் ஊர் வழக்கிலே பேசுதல் என்றால் ஏசுதல். உரையாடினால் அது கதைத்தல்.

மாணவச் செல்வங்களே, இன்னுமொரு நுட்பத்தைக் கேளுங்கள். அ, இ, உ என்னும் மூன்றும் சுட்டெழுத்துகள் என்று இலக்கண வகுப்பிலே படிக்கின்றீர்கள். தமிழ்நாட்டுப் பேச்சிலே அது, இது என்னும் இரண்டே இன்று வழங்குகின்றன. யாழ்ப்பாணத்திலோ, "உது என்ன?" என்றும், "உவர் ஆர்?" என்றும் கேட்போர் இன்றும் உள்ளனர். நூலிலே படிக்கும் உகரச் சுட்டு உங்கள் அம்மம்மாவின் நாவிலே உயிரோடு இருக்கின்றது.

நாம் வாழும் நகரத்தின் பெயரே இன்னொரு சாட்சி. நாங்கள் ரொறொன்ரோ என்று எழுதுகின்றோம். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் டொராண்டோ என்று எழுதுகின்றன. இதிலே யாரும் பிழைவிடவில்லை. ஆங்கிலத்திலே இவ்வொலி எழும்போது நுனிநாக்கு மேற்பல்லின் பின்னுள்ள அண்பல்லைத் தொடுகின்றது. ஈழத்தவரின் செவிக்கு அது 'வெற்றி' என்னும் சொல்லின் றகர ஒலிக்கு அண்மையாகக் கேட்கின்றது. தமிழ்நாட்டவரின் செவிக்கு அது நாவை மேலே வளைத்து ஒலிக்கும் டகரமாகக் கேட்கின்றது. நாங்கள் டொக்டரிடம் போய்வந்து கோப்பி குடிக்கின்றோம்; அவர்கள் டாக்டரிடம் போய்வந்து காப்பி குடிக்கின்றார்கள். எழுத்தைப் பார்த்தே எழுதியவரின் செவி எந்த ஊரிலே பழகியது என்று கூறிவிடலாம்.

இறுதியில் தீர்ப்புச் சொன்னோம். விளையாட்டை ஆக்கியவர்களே வெண்பாவை இந்தியாவிலிருந்து வந்த தாய் என்று அறிமுகப்படுத்தியுள்ளார்கள். ஆகவே அவள் தமிழ்நாட்டவள் என்றோம். சிறுவன் கைதட்டினான். எங்கள் மகளோ தலையைக் குனிந்துகொண்டு, "அப்ப அவ எங்கட ஆள் இல்லையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு எங்களிடம் உடனே விடை இருக்கவில்லை.

அதுவரை மூலையிலே இருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மம்மா அப்போதுதான் வாய்திறந்தார். பேச்சு வழக்கைப் பிடிப்பதிலே அவர் வல்லவர். 2000ஆம் ஆண்டு வெளிவந்த 'தெனாலி' படத்திலே கமல்ஹாசன் பேசிய யாழ்ப்பாணத் தமிழையும், 2015இல் கான் விழாவிலே தங்கப் பனை விருது பெற்ற 'தீபன்' படத்திலே, அல்லைப்பிட்டியிற் பிறந்த ஷோபாசக்திக்கு இணையாகச் சென்னை நடிகை காளீஸ்வரி சீனிவாசன் பேசிய தமிழையும் சொல்லுக்குச் சொல் நிறுத்துப் பார்த்தவர் அவர். அன்று அவர் சொன்னது வேறு.

"பேச்சை வைச்சு ஊர் கண்டுபிடிக்கிறது எங்களுக்கு ஒரு காலத்திலே விளையாட்டா இருக்கேல்லை, பிள்ளையள்" என்று தொடங்கினார். 1983ஆம் ஆண்டு யூலை. அவர் கொழும்பிலே பேருந்தொன்றிற் சென்றுகொண்டிருந்தார். வழியிலே அதை மறித்து ஏறிய கும்பல் முன்னிருக்கையில் இருந்தவரிடம் வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்னும் சிங்களச் சொல்லைச் சொல்லுமாறு கேட்டது. அச்சொல்லின் முதலெழுத்து ஆங்கிலத்தின் 'பி' எழுத்தைப் போல அதிர்ந்து ஒலிக்கவேண்டும். தமிழ்ச் சொற்களின் தொடக்கத்திலே அவ்வொலி இல்லை. தமிழிலேயே வளர்ந்த நாவுக்கு அது எளிதில் வராது. அந்தக் கறுப்பு யூலையிலே இப்படி ஒரு சொல்லைச் சொல்லவைத்து ஆளை இனங்கண்டு கொன்ற கொடுமைகள் பலராலும் பதிவுசெய்யப்பட்டுள்ளன. முன்னிருக்கையில் இருந்தவர் சொன்னார். அதன்பின் நடந்ததை அம்மம்மா பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. தம் அருகே இருந்த முன்பின் அறியாத சிங்களப் பெண் ஒருவர், தம் கையை இறுகப் பற்றிக்கொண்டு, தமக்காகத் தாமே விடை கூறியதை மட்டும் சொன்னார்.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்த துன்பமன்று. ஒரு சொல்லை உச்சரிக்கவைத்துப் பகைவரை இனங்கண்டு கொன்ற செய்தி விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலேயே உள்ளது. 1913இல் முதன்முதலாக அரங்கேறிய பெர்னாட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்திலே, பேராசிரியர் ஹிக்கின்ஸ் ஒருவரின் பேச்சைக் கேட்டே அவர் இலண்டனின் எந்தத் தெருவினர் என்று கூறிவிடுகின்றார். ஆனால் பூ விற்கும் பெண்ணின் பேச்சு அவருக்கு ஏளனத்துக்குரியதாகவே படுகின்றது.

அறை அமைதியாயிற்று. அம்மம்மா சிறுவனைப் பார்த்து, "நீ எந்த ஊர் எண்டு கேட்டா, இருத்தித் தேத்தண்ணி தாறதுக்காகக் கேக்கவேணும். அதுதான் எங்கட வழக்கம்" என்றார். பிறகு எழுந்து சென்று இருவருக்கும் தேநீர் ஊற்றி வந்தார்.

அவர் பிள்ளைகளுக்குச் சொன்னது எங்களையே சுட்டது. காரணத்தை மறைக்காமல் எழுதுகின்றோம். சென்ற ஆண்டு விழாவுக்கான நாடக ஒத்திகையின்போது, மட்டக்களப்பைச் சேர்ந்த பெற்றோரின் மகளான ஒரு மாணவிக்குப் பாட்டி வேடம் கொடுக்கப்பட்டிருந்தது. பேரனை அழைக்கும் இடத்திலே, எழுதிக்கொடுத்ததை விடுத்துத் தன் வீட்டு வழக்கிலே, "இங்க வா மனே" என்றாள். மகனே என்பதுதான் அங்கே மனே என்று அன்பொழுக வழங்குகின்றது. கூடியிருந்த பெற்றோர் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். 'வடிவாய்த் தமிழ் கதை' என்று திருத்தமும் சொன்னோம். அடுத்த கிழமை அவள் பாட்டி வேடம் வேண்டாம் என்றாள். மேடையிலே மரமாக நிற்கக் கேட்டாள். மரத்துக்குப் பேச்சில்லை அல்லவா? விழா நாளிலே பச்சை உடையோடு அவள் வாய்திறவாது நின்றதைப் பார்த்தும் எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

தமிழ் படி, தமிழிலே கதை என்று இந்நாட்டிலே பிள்ளைகளை நாள்தோறும் வற்புறுத்துகின்றோம். ஆனால் ஒரு பிள்ளை தன் தாயின் தமிழிலே வாய்திறந்தபோது நாங்களே அதை அடைத்துவிட்டோம். ஆங்கிலம் பேசினால் யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று அப்பிள்ளை எண்ணினால் அது யாருடைய குற்றம்?

எழுதுவதற்கும் மேடையிலே உரையாற்றுவதற்கும் அனைவருக்கும் பொதுவான செந்தமிழ் வேண்டும். அதைக் கற்பிக்கவே இப்பள்ளிகள் உள்ளன. ஆனால் பொதுத்தமிழ் வீட்டுத் தமிழை விரட்டுவதற்கு வந்ததன்று. தொல்காப்பியர் சொற்களை நான்காக வகுத்தபோது, செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலங்களிலும் வழங்கிய சொற்களுக்குத் திசைச்சொல் என்று பெயரிட்டு இலக்கணத்திலே இடமளித்தார். அவர் அளித்த இடத்தை எங்கள் ஒத்திகை அறையிலே நாங்கள் அளிக்கவில்லை.

அந்த மாணவியின் வீட்டுக்குச் சென்று அவளிடமும் அவள் தாயாரிடமும் எங்கள் வருத்தத்தைத் தெரிவித்தோம். தாயார் பெருந்தன்மையோடு, "அதுக்கென்ன, இருங்க" என்று கூறி உணவளித்தே அனுப்பினார். இவ்வாண்டு நாடகத்திலே அவள் மீண்டும் பாட்டி வேடம் ஏற்கின்றாள். 'மனே' என்ற சொல் இம்முறை நாடகப் பிரதியிலேயே எழுதப்பட்டுள்ளது. அவள் அழைக்கும்போது சபையோர் செவிகொடுக்குமாறு பணிவோடு வேண்டுகின்றோம்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெண்பாவின் குறிப்பேடு சிதைந்ததுபோல, எழுதி வைக்காத சொற்களும் அழிந்துபோகும். இன்றிரவே உங்கள் அம்மம்மாவிடமோ அப்பம்மாவிடமோ பாட்டியிடமோ சமையலறைச் சொற்கள் பத்தைக் கேட்டு, அவர் சொல்லும் ஒலியிலேயே எழுதி வையுங்கள். வேற்றூர் நண்பனிடமும் பத்துச் சொற்களைக் கேட்டு எதிர்ப்பக்கத்திலே எழுதுங்கள்.

எங்கள் மகள் அவ்வாறே ஒரு கொப்பி தொடங்கியிருக்கின்றாள். அதன் முதற்பக்கத்திலே 'வாங்கோ' என்று எழுதி, எதிரே ஊர் என்ற இடத்திலே, 'யாழ்ப்பாணம், கோயம்புத்தூர், வெண்பா வீடு' என்று எழுதி வைத்திருக்கின்றாள். அவளுடைய கேள்விக்கு நாங்கள் சொல்லத் தவறிய விடையை அவளே எழுதிவிட்டாள்.

வளர்க தமிழ்!