துட்டியும் இல்லை, கல்யாணமும் இல்லை

எங்களுக்குக் கல்யாணமாகி 28 வருடம். இத்தனை வருடத்தில் நானும் மனைவியும் சேர்ந்து ஏறிய வண்டியெல்லாம் யாராவது ஒரு சொந்தக்காரர் வீட்டு வாசலில்தான் போய் நின்றிருக்கிறது. கல்யாணம், பால்காய்ச்சு, காதுகுத்து, சாவு வீட்டுத் துட்டி. வயது ஏற ஏற, துட்டிதான் அதிகம். காரியம் ஒன்றும் இல்லாமல் ஓர் ஊருக்குப் போய், யாரையும் விசாரிக்காமல் திரும்பி வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

போன மாசியில் ஒரு ராத்திரி அவள் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். பிரான்ஸின் தென்கரையில் ஒரு புருஷனும் பொண்டாட்டியும் கார் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். நல்ல வெயில். திராட்சைத் தோட்டம், கல்வீடு, மாதா கோயில் கோபுரம், அந்தப் பக்கம் கடல்.

"கோயிலு, கடலு, வள்ளம். கொளச்சல்ல இல்லாத்தது இதுல என்ன இருக்கு?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "ஆனா ஒண்ணு. இவ்வளவு தூரம் போறாவ, ஒருத்தராவது நிறுத்தி யாருக்க மவன்னு கேட்டாவளா பாருங்க."

அந்த ஒன்றுக்காகவே அடுத்த சனிக்கிழமை ஸ்கூட்டரில் கிளம்பினோம். நாகர்கோவிலிலிருந்து கடற்கரை ஓரமாகவே தேங்காய்ப்பட்டணம் வரை. நேர்வழியில் போனால் 35 கிலோமீட்டர் சொச்சம்தான். வழியில் சொந்தக்காரர் வீடு எதிலும் ஏறக்கூடாது, போன் எடுக்கக்கூடாது, ஒருநாள் முழுக்க அந்நியர்களாக இருப்பது என்று ஒப்பந்தம். இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட். ஒரு மனிதனை ஊருக்குத் தெரியாதவனாக ஆக்க அதைவிட நல்ல சாதனம் கிடையாது.

முட்டத்தில் கலங்கரை விளக்கைப் பார்த்தோம். 1981-இல் 'அலைகள் ஓய்வதில்லை' வந்தபிறகு இந்தப் பாறைகளுக்குக் கிடைத்த பெயர் இன்னும் தேயவில்லை. எங்களைப் போல நாலைந்து ஜோடிகள் நின்றன. எல்லாம் எங்கள் பிள்ளைகள் வயது. அங்கே ரொம்ப நேரம் நிற்கக் கூச்சமாக இருந்தது.

மணவாளக்குறிச்சியில் நான் வண்டியை ஓரம்கட்டி, அவளுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தேன். இங்குள்ள கடற்கரை மணல் கருப்பும் சிவப்புமாகக் கலந்து கிடக்கும். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இந்தக் கரையிலிருந்து கப்பலேறிப் போன தென்னந்தும்பில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதிலுள்ள தோரியம் அப்போது காஸ் விளக்கின் வலைக்குத் தேவைப்பட்டது. மணல் வந்த வழியைத் தேடிப்பிடித்து ஆள் இங்கேயே வந்துவிட்டார். இன்றைக்கும் மத்திய அரசின் மணல் ஆலை இங்கே ஓடுகிறது.

"கயித்துல ஒட்டின மண்ணா காட்டிக் குடுத்துச்சு?" என்று கேட்டுவிட்டு அவள் செருப்பைத் தட்டினாள்.

மண்டைக்காட்டில் ஒப்பந்தம் முறிந்தது. மாசிக் கொடை நேரம். பகவதியைக் கும்பிட இருமுடியோடு வரும் பெண்களின் கூட்டத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. ஹெல்மெட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நாங்கள் பாட்டுக்குப் போகிறோம், பின்னால் ஒரு குரல்: "ஏ, அது நம்ம கொச்சு மாப்பிள்ளல்லா!" மனைவியின் சித்தி. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "அவ வண்டியில இருக்கிற இருப்பு எங்க அக்காளுக்க இருப்புல்லா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க, யாருக்கும் ஒண்ணும் இல்லையே? துட்டிக்கா போறிய?"

சும்மா போகிறோம் என்று சொன்னோம். அவர் நம்பவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அந்த 'சும்மா'வுக்கு எத்தனை அர்த்தம் முளைத்திருக்குமோ.

குளச்சலில் 1741-இல் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களை முறியடித்ததற்கு ஒரு தூண் நிற்கிறது. பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பிறகு அதே ராஜாவுக்குப் படை பழக்கி, 1777-இல் செத்து, உதயகிரிக் கோட்டைக்குள் புதைக்கப்பட்டார். அவரும் அந்நியராக வந்தவர்தான். இந்த ஊர் விடவில்லை. தூணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

குறும்பனை, மிடாலம், இனயம். இதற்குப் பிறகு வருகிற சாலைதான் எனக்குப் பிடித்தது. ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கடலரிப்புத் தடுப்பு, மறுபக்கம் தென்னை. நடுவில் இடிக்கிற மாதிரி வீடுகள், அவற்றுக்கெல்லாம் மேலாக மாதா கோயில் கோபுரம். அங்கங்கே ஏ.வி.எம். கால்வாய் எட்டிப் பார்க்கும். சினிமாக் கம்பெனி இல்லை. அனந்த பத்மநாபன், விக்டோரியா ராணி, மார்த்தாண்டவர்மா என்று சாமிக்கும் இரண்டு அரசுக்கும் சேர்த்து வைத்த பெயர். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை படகு விடலாம் என்று 19-ஆம் நூற்றாண்டில் வெட்டத் தொடங்கினார்கள். குமரி வரை போய்ச் சேரவேயில்லை. இப்போது பாதி இடத்தில் பாசியும் குப்பையும். மீதி இடத்தில் அது கால்வாய் என்பதே பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

வண்டி மேற்கே போகப் போகப் பேச்சு மாறுவதைக் கேட்டுக்கொண்டே போனோம். முட்டத்தில் ஒரு இழுப்பு, குளச்சலில் வேறு. தேங்காய்ப்பட்டணம் நெருங்கும்போது தமிழின் தோளில் மலையாளம் கைபோட்டு நடக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இதெல்லாம் திருவனந்தபுரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஊர்கள்தானே. தோப்பில் முஹம்மது மீரான் பிறந்தது இங்கேதான். மலையாளத்தில் படித்தவர், திருநெல்வேலியில் வியாபாரம் செய்தவர், எழுதியது மட்டும் இந்த ஊர்ப் பேச்சில். 1997-இல் 'சாய்வு நாற்காலி'க்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது அதை வாங்கிப் படித்த நான், பக்கத்து ஊர்க்காரனாயிருந்தும் பல சொற்களில் தடுக்கி விழுந்தேன். மனைவி விழவில்லை. அவள் அப்பச்சி விளவங்கோட்டுக்காரி.

பழைய கல் பள்ளிவாசலை வெளியே நின்று பார்த்துவிட்டு, ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போனோம். குழித்துறைத் தாமிரபரணி. திற்பரப்பில் அத்தனை சத்தம் போட்டுக் குதிக்கிற தண்ணீர், இங்கே கறுத்த சாயா நிறத்தில் சத்தமில்லாமல் கிடந்தது. எதிர்க்கரை இரையுமன்துறை. கடலுக்குள் நீண்ட கற்சுவர்களுக்கு இடையே ஒரு விசைப்படகு உள்ளே வந்துகொண்டிருந்தது. மணல் மேடிட்ட அந்த வாயில் படகு கவிழ்ந்து ஆட்கள் போன செய்தியை எத்தனை தடவை படித்திருக்கிறோம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலில் கிடந்து திரும்பாமல் போனவர்களில் பெரும் பங்கு இந்தப் பக்கத்துக் கரைக்காரர்கள்தான். படகு உள்ளே வந்து அணைகிற வரைக்கும் அவள் பேசவில்லை. நானும் கதை சொல்லவில்லை.

பிரான்ஸ் வீடியோவில் அந்த ஜோடி கடற்கரையில் மேஜை போட்டு மீன் சாப்பிட்டது. எங்களுக்குத் துறைமுகத்து ஓரத்தில் மரச்சீனியும் மீன்கறியும் கிடைத்தன. கறியில் புளி தூக்கலாக இருந்ததாக எனக்கு ஒரு அபிப்பிராயம். அவளிடம் சொன்னேன். இரண்டாவது தட்டு கேட்டதே அதற்குப் பதில்.

புறப்படும் முன் ஒரு கிழவியிடம் மீன் பார்த்தோம். கூறுபோட்டு வைத்திருந்தாள்.

"சாளை கூறு என்ன வெலை?"

"நூறு. எந்த ஊரு மக்களே?"

ஹெல்மெட் என் கையில் இருந்தது. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிமிர்ந்து நின்று, "மெட்ராஸ்" என்றாள்.

கிழவி சிரிக்கவில்லை. கத்தியால் ஈயை ஓட்டினாள்.

"மெட்ராஸ்காரி சாளைன்னா கேப்பா? நாகர்கோவில் வடசேரிப் பக்கமாக்கும்." பைக்குள் கூறைத் தட்டிவிட்டு, மேலே இரண்டு சாளையை எடுத்துப் போட்டாள். "வடசேரியில யாருக்க மவ?"

என் மனைவி அவள் அப்பா பெயரைச் சொன்னாள்.